தோகையும் அகிலும்: எபிரேயக் கல்வி தமிழாய்வுக்குத் தரும் பாடம்

தமிழின் தொன்மையைப் பேசும் மேடைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் சென்ற மயிலின் பெயர் எபிரேய வேதத்தில் தமிழ்ச் சொல்லாகவே பதிந்துள்ளது என்பது அது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இலக்கிய விழா மலர்களிலும் நாம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம், படித்திருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். ஆயினும், அச்சொல்லை எபிரேய எழுத்தில் காட்டினால் அதனைப் படிக்கத் தெரிந்தவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பர்? ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல் சென்றதென்று கூறுவோர் இரு மொழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கரையை மட்டும் கண்டவர் ஆற்றின் அகலத்தைச் சொல்ல இயலாது.

எபிரேய மொழியையும் யூதர் வரலாற்றையும் பண்பாட்டையும் பல்கலைக்கழக அளவில் கற்பது தமிழ் மாணவனுக்கு என்ன பயன் தரும் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். இது நம் நாட்டில் எளிதாகப் பேசத்தக்க பொருள் அன்று. அதன் காரணத்தையும் இறுதியில் மறைக்காமல் பேசுவோம். முதலில் அம்மொழி நமக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைக் காண்போம்.

வாரநாள்களில் ஒளிந்திருக்கும் மொழிக்குடும்பம்

சாலாக் செலாத்தானில் தொடர்வண்டி ஏறிப் பிரிக்பீல்ட்சில் இறங்குவதற்குள் ஒரு மாணவன் செமித்திய மொழிக்குடும்பத்தின் முதற்பாடத்தைக் கற்றுவிடலாம். அவன் கையிலுள்ள மலாய் நாட்காட்டியே அதற்குப் போதும். அகாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் என்னும் மலாய் நாட்பெயர்கள் அரபு எண்ணுப்பெயர்களின் வழி வந்தவை. எபிரேயத்தில் ஒன்று எகாத், இரண்டு ஷ்னாயிம், மூன்று ஷலோஷ், நான்கு அர்பா, ஐந்து கமேஷ். சப்து என்னும் சனிக்கிழமை எபிரேயரின் ஓய்வுநாளாகிய ஷபாத்தின் உறவுப்பெயர். அரபும் எபிரேயமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்கள் நன்கறிந்த இன்னொரு சொல் மக்தாப். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நாம் நெடுங்காலம் அப்பெயராலேயே அழைத்தோம். மக்தாப், கித்தாப் ஆகிய இரண்டிற்கும் க-த-ப என்னும் மூன்று மெய்களே வேர். எபிரேயத்திலும் அதே மூன்று மெய்கள் எழுதுதலைக் குறிக்கும். கடிதத்திற்கு மிக்தாவ் என்று பெயர். வேரின் மெய்கள் நிலைத்து நிற்க, இடையில் புகும் உயிர்கள் மாறி மாறிப் பொருளை வேறுபடுத்துவது செமித்திய மொழிகளின் இயல்பு. தமிழோ வேரை உடைக்காமல் அதன் பின்னே உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் மொழி. எழுது, எழுதினான், எழுதினானை என்று சொல் வலப்புறமாக வளருமே தவிர உள்ளே குலையாது. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்த மாணவன், தமிழும் எபிரேயமும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்னும் கூற்றை எங்குக் கேட்டாலும் தயங்குவான். தந்தையை எபிரேயர் ஆவ் என்பதும் நாம் அப்பன் என்பதும் குழந்தையின் வாய் உலகெங்கும் ஒன்றாயிருப்பதைத்தான் காட்டும், உறவைக் காட்டா.

எழுத்து முறையிலும் சுவையான எதிர்நிலை ஒன்று உண்டு. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். அவை அடிப்படையில் மெய்களே. உயிரொலிகளைக் காட்டப் பிற்காலத்து அறிஞர்கள் எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளையும் கோடுகளையும் இட்டனர். தொல்காப்பியம் மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெறுதல் என்கிறது. ஆகவே, எபிரேயத்தில் புள்ளி உயிரைக் கொடுக்கும். தமிழில் புள்ளி உயிரை எடுக்கும். சாவி எழுத்தைப் படிக்கப் பழகிய மலேசிய மாணவருக்கு உயிர்க்குறி இல்லாமல் எழுதும் முறை புதிதன்று. இவ்வகையில் தமிழ்நாட்டு மாணவரைக் காட்டிலும் நம் மாணவர் ஒரு படி முன்னே நிற்கின்றனர்.

செப்பேட்டில் இட்ட கையெழுத்து

எபிரேய எழுத்தும் வட்டெழுத்தும் ஒரே ஆவணத்தில் சந்தித்த வரலாறு நமக்கு உண்டு. கி.பி. 849இல், சேரமன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு பொறித்தார். ஆவணத்தின் உடல் வட்டெழுத்தில் உள்ளது. இறுதியில் சான்றொப்பம் இட்டோர் தத்தம் எழுத்திலேயே ஒப்பமிட்டனர். சிலர் கூஃபி வடிவ அரபு எழுத்தில் இட்டனர். சிலர் பகலவி எழுத்தில் பாரசீகத்தில் இட்டனர். சிலர் எபிரேய எழுத்தில், ஆனால் பாரசீக மொழியில் இட்டனர். கிறித்தவப் பள்ளிக்குரிய கொடையில் முசுலிம், சொராட்டிரர், யூதர் ஆகிய வணிகர் சான்றாளர்களாக நின்ற செய்தி இது. கடல் வாணிகம் மனிதரை எவ்வாறு ஒரே திண்ணையில் அமரவைத்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

ஏறத்தாழ கி.பி. 1000இல் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஈசுப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடு மட்டாஞ்சேரி யூதர்களால் காக்கப்பட்டு வந்தது. அஞ்சுவண்ணம் என்னும் உரிமையும் 72 விடுபேறுகளும் அதில் அவருக்கு வழங்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பதை ஐந்து நிறம், ஐந்து சாதி என்றெல்லாம் பிரித்துப் பொருள் கண்டோர் உண்டு. அவையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லாகிய அஞ்சுமன் தமிழ் நாவில் அஞ்சுவண்ணம் ஆயிற்று என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அயற்சொல் ஒன்று நம்மிடம் வந்தபோது நாம் அதற்குத் தமிழ்ப் பொருள் ஏற்றினோம் என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் சொல் அயலார் வாயில் புகுந்ததைக் கொண்டாடும் நாம், அயலார் சொல் நம் வாயில் புகுந்து தமிழுடை அணிந்ததையும் ஒப்புக்கொள்வதே நடுநிலை.

யூதர் வரலாற்றின் சுவடுகள் நம் நாட்டிலும் உள. பினாங்கில் இன்று ஜாலான் சைனால் அபிடின் எனப்படும் தெரு முன்னர் ஜாலான் யாஹுடி என்று அழைக்கப்பட்டது. அங்குள்ள பழைய இடுகாட்டுக் கல்லறைகளில் எபிரேய எழுத்துகளைக் காணலாம். அண்டைச் சிங்கப்பூரில் 1955இல் முதல் முதலமைச்சரான டேவிட் மார்சல் பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தினர்.

எபிரேயம் கற்றோர் தமிழுக்கு வந்த வழி

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எபிரேயம் பழைமையான பாடம். எட்டாம் ஹென்றி மன்னர் 1540இல் கேம்பிரிட்ஜிலும் 1546இல் ஆக்ஸ்போர்டிலும் எபிரேயப் பேராசிரியர் இருக்கைகளை நிறுவினார். செருமானிய நாட்டு ஹாலே நகரில் இறையியல் பயில்வோர்க்கு எபிரேயமும் கிரேக்கமும் அடிப்படைப் பாடங்கள். அங்குப் பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். மூலமொழியைக் கற்றே நூலைப் பெயர்க்க வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் ஹாலேயிலிருந்து கொண்டுவந்தார். அதே ஒழுங்குடன் தமிழையும் கற்றார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடிக்காமலே 1719இல் அவர் மறைந்தார். பெஞ்சமின் சூல்ச் அதனை 1728இல் நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியசு அப்பணியைப் புதிதாக மேற்கொண்டு பல்லாண்டு உழைத்தார்.

இம்மொழிபெயர்ப்புகளின் வழியாகவே எபிரேயச் சொற்கள் தமிழில் குடியேறின. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா, பஸ்கா, கேருபீன், சேராபீன் ஆகியவற்றை நாம் அயற்சொல் என்று எண்ணுவதே இல்லை. பிரிக்பீல்ட்சில் தமிழ் லுத்தரன் மக்களின் ஆலயம் சீயோன் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. எருசலேம் மலையின் பெயர் தரங்கம்பாடி வழியாகவும் யாழ்ப்பாணம் வழியாகவும் கிள்ளான் பள்ளத்தாக்கு வரை நடந்து வந்த கதை அது.

இங்கு ஒரு பெயரைத் தனியே நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்று தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர். நாவலர் சைவத்தின் காவலர். கிறித்தவச் சமயப் பரப்பலைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர். மொழிப்பணியை அவர் சிறக்கச் செய்தார். தம் கொள்கையை இழக்கவில்லை. ஒரு நூலை ஆழக் கற்பது வேறு, அந்நூலுடையார் கூறும் யாவற்றையும் ஏற்பது வேறு என்பதை நாவலர் சொல்லாமல் செய்து காட்டினார்.

தோகை வழக்கு

இனி நம் மேடைகளின் மயிலுக்கு வருவோம். எபிரேய வேதத்தின் அரசர் முதல் நூல் பத்தாம் அதிகாரத்தில் சாலமோனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கொரு முறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, துக்கிய்யீம் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்னும் செய்தி வருகிறது. ஈம் என்பது எபிரேயப் பன்மை விகுதி. எஞ்சியிருக்கும் துக்கி என்பதைத் தமிழ்த் தோகையோடு இணைத்துக் கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அந்நூல் 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கம் பெற்றது. எழுத்தில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகலாம் என்பது அவர் கருத்து.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வழக்கை எபிரேயக் கரையிலிருந்து ஆராய்ந்தவர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காயிம் ராபின். 1915இல் செருமனியில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பணியாற்றி, 1956இல் எருசலேம் சென்றவர் அவர். அவருடைய கட்டுரை எங்கு வெளிவந்தது என்பது நமக்கு முக்கியம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையில் நடைபெற்றது. அதன் ஆய்வுத் தொகுதியிலேயே, கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் தமிழகத்திற்கும் பாலத்தீனத்திற்கும் நடந்த வாணிகத்தை எபிரேயக் கடன்சொற்களால் நிறுவ முயலும் ராபினின் கட்டுரை 1971இல் அச்சேறியது. எபிரேயப் பேராசிரியர் ஒருவர் தமிழ் மாநாட்டுக்கு எழுதும் நிலையை உருவாக்கிய இயக்கம் நம் தலைநகரில் முதல் மாநாடு கண்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமையோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. எதிர்வாதங்களையும் மாணவர் அறிய வேண்டும். முதலாவது, அரசர் நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முதன்மையான படி ஒன்றில் இவ்விடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்கள் என்னும் பொருளே உள்ளது. மூலப்பாடம் எதுவென்பதே ஆய்வுக்குரியது. இரண்டாவது, அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட் இச்சொல்லை எகிப்திய மொழியோடு இணைத்து ஒருவகைக் குரங்கு என்று பொருள் கண்டார். மூன்றாவது, இக்கால எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. மயிலுக்குக் கிரேக்கத்தின் வழி வந்த தவாஸ் என்னும் சொல் வழங்குகிறது. இடைக்காலத்தில் பொருள் மறந்துபோன சொல் என்பதற்கு இது அறிகுறி.

நான்காவது ஒலியியல் பற்றியது; அதுவே நம் துறைக்குரியது. தமிழில் இரு உயிர்களுக்கிடையே வரும் தனிக் ககரம் மென்மையாக ஒலிக்கும். இரட்டித்த ககரம் வன்மையாக ஒலிக்கும். பகல், பக்கம் ஆகியவற்றைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். வியப்பாக, எபிரேய ஒலிப்பு மரபிலும் உயிருக்குப் பின்வரும் தனிக் ககரம் மென்மை பெறும். இரட்டித்தால் வன்மையாக நிற்கும். அப்படியாயின், தோகையின் தனிக் ககரம் எபிரேயத்தில் ஏன் இரட்டித்தது? நெட்டோகாரம் ஏன் உகரமாயிற்று? பழந்தமிழில் அக்ககரம் இன்னும் வன்மையாக ஒலித்தது என்று விடை கூறலாம். அவ்விடை பொருந்துவதும் ஆகும். ஆனால் அது ஒரு கருதுகோள் என்பதை மறக்கலாகாது.

அகிலும் கருவாப்பட்டையும்

அடுத்த சொல் நம் மண்ணுக்கு மிக நெருக்கமானது. நீதிமொழிகள் நூலிலும் உன்னதப்பாட்டிலும் அகாலீம், அகாலோத் என்னும் நறுமணப் பொருள் பேசப்படுகிறது. தமிழில் அது அகில், வடமொழியில் அகரு, மலாயில் காகாரு, கிரேக்கத்தில் அகல்லோகோன். சங்க இலக்கியத்தில் மகளிர் கூந்தலுக்கு ஊட்டிய புகை இதுவே. இம்மரங்களுள் ஒன்றின் தாவரவியற் பெயரிலேயே மலாக்கா அடங்கியுள்ளது. நம் காடுகளில் விளைந்த பொருள் என்பதால் அப்பெயர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களுள் காழகத்துச் செல்வத்தையும் குறிக்கிறது. காழகத்தைக் கடாரம் என்று உரைகாண்பார் நச்சினார்க்கினியர். கடாரம் நம் கெடா.

இங்கு ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தோகையின் ககரம் எபிரேயத்தில் இரட்டித்த வல்லெழுத்தாக வந்தது என்கிறோம். அகிலின் ககரமோ எபிரேயத்தில் மெல்லிய மூச்சொலியாக வருகிறது. ஒரே தமிழ் ஒலி, ஒரே மொழியில், இரு வேறு வகையில் பெயர்ந்திருக்கிறது. இரண்டும் தமிழ்க் கடன்சொற்களே எனின், அவை வெவ்வேறு காலத்தில் சென்றிருக்க வேண்டும். அல்லது வெவ்வேறு வணிகர் வாய்வழிச் சென்றிருக்க வேண்டும். அல்லது ஒன்றேனும் வடமொழி போன்ற இடைமொழியைக் கடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பார்க்கும்போது எல்லாம் எளிதாகத் தோன்றும். இரண்டை அருகருகே வைக்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

கருவாப்பட்டையை எபிரேயம் கின்னமோன் என்கிறது. மலாய் மொழியின் காயு மானிஸ் என்பதோடு இதனை ஒப்பிட்டோர் உண்டு. கேட்பதற்கு இனிமையான ஒப்பீடு. ஆயினும் இடைவழிச் சான்றுகள் போதா. அரிசி என்னும் சொல்லே கிரேக்கத்தின் ஒருசா ஆயிற்று என்று நாம் பன்முறை எழுதியுள்ளோம். அது ஈரானிய மொழிகளின் வழியே சென்றது என்பார் வாதம் வலுவானது. இஞ்சியின் பயணமோ உறுதியாகத் தெரிகிறது. இஞ்சிவேர் என்பதன் பழைய திராவிட வடிவம் பாலி மொழியில் சிங்கிவேர ஆகி, மேற்கே சென்று கிரேக்கத்தில் சிங்கிபெரிசு ஆகி, யூத அறவோர் நூல்களில் சங்கவீல் என்னும் வடிவில் வழங்குகிறது. நான்கு சொற்களுக்கு நான்கு வேறு தரச் சான்றுகள். உறுதி, பொருந்துதல், ஐயம், மறுப்பு என்னும் இத்தரங்களைப் பிரித்தறியும் பயிற்சியே பல்கலைக்கழகக் கல்வி.

உன்னதப்பாட்டும் அகத்திணையும்

ராபின் சொற்களோடு நிற்கவில்லை. எபிரேய வேதத்திலுள்ள உன்னதப்பாட்டையும் சங்க அகப்பாடல்களையும் ஒப்பிட்டு 1970களின் முற்பகுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்ணின் குரலே மிகுதியாக ஒலித்தல், பிரிவின் ஏக்கம், இயற்கையை உணர்வின் மொழியாக்குதல் ஆகியவற்றை அவர் சுட்டி, வாணிகத்தின் வழியே தமிழ்க் கவிதை மரபின் தாக்கம் சென்றிருக்கலாம் என்று கருதினார். ஆபிரகாம் மரியசெல்வம் இவ்விரண்டையும் விரிவாக ஒப்பிட்டு எழுதிய நூல் 1988இல் உரோமிலிருந்து வெளிவந்தது. எபிரேயமும் தமிழும் அறிந்த ஒருவர் செய்த பணி அது.

தாக்கம் என்னும் முடிவை ஏற்பதில் காலத் தடை ஒன்று உண்டு. கிடைத்துள்ள சங்கப் பாடல்கள் பெரும்பாலும் கிறித்துவுக்கு முன்பின்னான சில நூற்றாண்டுகளுக்குரியவை. எகிப்தியக் காதற்பாடல்களோ உன்னதப்பாட்டுக்கு இடத்தாலும் நெருக்கமானவை, காலத்தாலும் முந்தியவை. ஆயினும் ஒப்பீடு வீண்போகவில்லை. யூத அறிஞர் அகிவா உன்னதப்பாட்டை வேதத்துள் மிகப் புனிதமானதாகப் போற்றினார். யூத மரபு அதனை இறைவனுக்கும் இசுரயேல் மக்களுக்கும் இடையேயான காதலாகப் படித்தது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை நாம் அகத்துறையாகவும் படிக்கிறோம், சிவனருள் நூலாகவும் படிக்கிறோம். காதற் கவிதையை இரு தளங்களில் படிக்கும் உரைமரபு இரு மக்களிடத்தும் தனித்தனியே வளர்ந்தது எவ்வாறு என்பது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைவிட ஆழமான வினா.

உயிர்த்த மொழியும் அதன் விலையும்

நம் மேடைகளில் எபிரேயம் வேறொரு வடிவிலும் வரும். இறந்த மொழியை யூதர் எழுப்பினர். நாம் உயிருள்ள மொழியைக் காக்கமாட்டோமா என்னும் அறைகூவல் அது. இதனையும் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். எபிரேயம் முற்றாக இறந்ததில்லை. வழிபாட்டிலும் சட்ட நூல்களிலும் கடிதங்களிலும் அது தொடர்ந்து வாழ்ந்தது. வீட்டுப் பேச்சாகவே அது இல்லாதிருந்தது. எலியேசர் பென் யெகூதா தம் இல்லத்தில் எபிரேயம் மட்டுமே பேசுவதென்று உறுதிகொண்டார். 1882இல் பிறந்த அவர் மகன் எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பெற்றான். 1886இல் ரிஷோன் லெசியோன் சிற்றூரில் எபிரேய வழிப் பள்ளி தோன்றியது. 1890இல் மொழிக்குழு அமைந்தது. 1903இல் ஆசிரியர்கள் சங்கம் கண்டனர். 1913இல் ஹைபா நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் செருமன் மொழி பயிற்றுமொழியாவதை எதிர்த்து ஆசிரியரும் மாணவரும் போராடினர். எபிரேயப் பல்கலைக்கழகம் 1925இல் திறக்கப்பட்டது. எபிரேய மொழிக் கழகம் 1953இல் அமைந்தது. வரிசையை நோக்குக: முதலில் வீடு, பிறகு தொடக்கப்பள்ளி, பிறகு ஆசிரியர் சங்கம், கடைசியில் பல்கலைக்கழகம். கலைச்சொற்களைக் குழு ஆக்கியது. அவற்றைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றியவர் ஆசிரியர்.

இவ்வெற்றிக்கு விலையும் இருந்தது. இத்திஷ், லதீனோ, யூத அரபு ஆகிய பேச்சுமொழிகள் ஒதுக்கப்பட்டன. கொச்சி யூதர்கள் 1950களில் பெருந்தொகையாய் இசுரேல் சென்றபின், பெண்கள் குறிப்பேடுகளில் எழுதிக் காத்த யூத மலையாளப் பாடல்கள் மங்கத் தொடங்கின. ஸ்கரியா சக்கரியாவும் ஒபீரா கம்லியேலும் அவற்றை 2005இல் மலையாளத்திலும் எபிரேயத்திலும் பதிப்பித்தனர். மற்றொரு விலையை இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும். 1948இல் இசுரேல் அரசு தோன்றியபோது ஏறத்தாழ 7 இலட்சம் பாலத்தீனியர் தம் ஊர்களையும் வீடுகளையும் இழந்தனர். மொழி மீட்சியின் கதையை மட்டும் சொல்லி இதனை விடுவோர் வரலாறு சொல்வோர் அல்லர்.

நம் நாட்டில் இப்பாடம்

மலேசியக் கடவுச்சீட்டு இசுரேல் நீங்கலாக ஏனைய நாடுகள் அனைத்திற்கும் செல்லும். பாலத்தீன மக்களின் துயரை இந்நாட்டு மக்கள் தம் துயராகக் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே கருதுகிறோம். இச்சூழலில் எபிரேயம் கற்க வேண்டும் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னால் ஐயப்பார்வை எழுவது இயல்பு. எனவே வேறுபாட்டைத் தெளிவாக வரையறுப்போம். எபிரேயம் ஓர் அரசின் உடைமை அன்று. மூவாயிரம் ஆண்டு மொழி அது. 1948இல் தோன்றிய அரசு அதன் ஒரு காலப்பகுதி. பாக்தாத், ஏமன், கொச்சி, பினாங்கு ஆகிய ஊர்களின் யூதர் வரலாறு ஆசிய வரலாற்றின் பகுதி.

இதற்கு வாழும் சான்று டேவிட் சுல்மன். அமெரிக்காவில் பிறந்து 1967இல் இசுரேல் சென்ற அவர், இலண்டனில் தமிழ்த் தலபுராணங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்தார். தமிழின் வாழ்க்கை வரலாறாக அவர் எழுதிய ஆங்கில நூல் 2016இல் வெளிவந்தது. அவ்வாண்டே இசுரேல் பரிசும் பெற்றார். பரிசுத்தொகையைப் பாலத்தீனியரோடு இணைந்து பணிபுரியும் தாயுசு அமைப்புக்கு வழங்கினார். தெற்கு எபிரோன் குன்றுகளின் பாலத்தீன ஆயர்கள் நிலமிழப்பதை எதிர்த்து அவர்களோடு நின்றவர் அவர். எபிரேயமும் தமிழும் நன்கறிந்த ஒருவருடைய மனச்சான்றை அம்மொழிகள் மழுக்கவில்லை. கூர்மையாக்கின என்றே நாம் கொள்ளலாம்.

மாணவர்க்குச் சில நடைமுறைக் கருத்துகள் கூறுவோம். இருபத்திரண்டு எழுத்துகளைக் கற்க இரு வாரம் போதும். அதன்பின் தமிழ் விவிலியத்தின் ஒரு பழைய பதிப்பையும் ஒரு புதிய பதிப்பையும் மூலத்தோடு வைத்து ஓர் அதிகாரத்தைப் படிக்கலாம்; மொழிபெயர்ப்புக் கலையின் முழுப் பாடமும் அங்கே உள்ளது. அரபு கற்ற மலாய் நண்பரைத் துணைக்கழைத்து வேர்ச்சொற்களை ஒப்பிடலாம். மேற்படிப்புக்கு இலண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இடங்களில் எபிரேயமும் யூதவியலும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றன. தமிழகத்திலும் பெங்களூரிலும் உள்ள இறையியல் கல்லூரிகளிலும் எபிரேயம் பாடமாக உள்ளது. கெய்ரோ வழிபாட்டிடத்தில் கிடைத்த இடைக்கால யூத வணிகர் கடிதங்களின் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் நூலகத்தில் உள்ளது. இந்தியக் கடற்கரை பற்றிய செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டும் தமிழும் அறிந்தவர் கண்ணுக்கு அக்கடிதங்கள் புதிய செய்திகளைச் சொல்லும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய காலத்தில் அங்குத் தமிழுக்குரிய இடம் உறுதியாக வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியே தமிழ் எங்கள் உயிர் நிதியைத் திரட்டினார். உழைக்கும் மக்கள் தம் கூலியிலிருந்து வெள்ளிகளைக் கொடுத்தனர். அவர்கள் தம் மொழியைப் பற்றிப் பொய்ப்பெருமை பேசுவதற்காக அக்காசைக் கொடுக்கவில்லை. தம் பிள்ளைகள் உலக அறிஞரோடு சமமாக அமர்ந்து உண்மையை ஆராய வேண்டும் என்றே கொடுத்தனர். அடுத்தமுறை தோகை என்னும் சொல்லை மாணவர் ஒருவர் மேடையில் எடுத்துரைக்கும்போது, அச்சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிக்காட்டி, ஆதரவான சான்று இது, எதிரான சான்று இது என்று இரண்டையும் அவையின் முன் வைப்பாராயின், அந்த வெள்ளிகளுக்குரிய கணக்கை நாம் நேர்மையாக ஒப்படைத்தவர் ஆவோம்.